கடல் கடந்தோரும் கேள்வி நேரமும்

சித்தூர்ச் சீமையில், நகரிக்கு அணித்தாக, விஜயபுரம் என்னும் ஊர் இருக்கிறது. திருத்தணிக்கும் அதற்கும் இடையே தொலைவு அதிகமன்று. ஆயினும் 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியன்று திருத்தணி சென்னை இராஜ்யத்தைச் சேர்ந்ததுமுதல், இரண்டுக்கும் நடுவே ஓர் இராஜ்ய எல்லை ஓடுகிறது. எல்லைக்கு இப்பால் உள்ள தமிழர், வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வாழ்க்கை நடத்தி வருகின்றனர். பெண் கொடுப்பதும் எடுப்பதும் அப்பாலும் உண்டு, இப்பாலும் உண்டு. மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் வாழும் நேயர்களுக்கு இந்த நிலைமையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில், அந்தப் பகுதியைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். அவருடைய மகன் வளைகுடா நாடொன்றில் கட்டட வேலைக்குச் சென்றிருந்தான். சென்ற மூன்றாம் மாதமே சம்பளம் நின்றுவிட்டது. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டார். அனுப்பி வைத்த தரகரோ தொலைபேசியை எடுப்பதில்லை. அம்மையார் என்னிடம் கேட்ட கேள்வி இது: “ஐயா, நாங்கள் ஆந்திராவா, தமிழ்நாடா? எந்தச் சர்க்காரைக் கேட்கணும்?”

நியாயமான கேள்வி. ரேஷன் அட்டை ஓர் இராஜ்யத்தது. பேச்சு மற்றோர் இராஜ்யத்தது. இரண்டு இடத்திலும் தம்மைப் பிறர் என்று எண்ணிவிடுவார்களோ என்ற அச்சம் அவர் குரலில் இருந்தது. நான் சொன்னேன்: “அம்மா, உங்கள் மகன் கடல் தாண்டிய பிறகு அவனுக்கு இராஜ்யம் கிடையாது. அவன் கையிலிருந்த புத்தகத்தில் இந்தியன் என்றுதான் எழுதியிருக்கிறது. அயல்நாட்டு விவகாரம், தூதர் அலுவலகம், பாஸ்போர்ட் எல்லாம் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியலில் உள்ளவை. தில்லியைத்தான் கேட்க வேண்டும்.” அம்மையார் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “தில்லியிலே யாரை?” என்றார்.

அந்த இரண்டாவது கேள்விதான் இன்றைய பேச்சின் பொருள்.

அயல்நாட்டுக் கொள்கை என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது பிரதம மந்திரிகளின் கைகுலுக்கலும் விமான நிலையத்து மலர்மாலையுமே. பாமரனுக்கு அதில் இடமில்லை என்று கருதுகிறோம். அரசாங்கங்களும் நெடுங்காலம் அவ்வாறே கருதின. 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இருந்த மத்தியச் சட்டசபை, அயல்நாட்டு விவகாரச் செலவின்மீது வாக்களிக்க முடியாது. அந்நிய அரசுகளோடுள்ள உறவைப் பற்றிக் கேள்வி எழுப்பவும் விதிகள் இடந்தரவில்லை. ஆனால் அந்தச் சபைக்கும் ஒரு சாளரம் திறந்திருந்தது. கடல் கடந்து கூலி வேலைக்குச் சென்ற இந்தியரைப் பற்றிய சாளரம் அது. 1922-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் பயனாக, கண்டியிலும் கோலாலம்பூரிலும் இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்டுகள் அமர்ந்தனர். தோட்டத்துத் தொழிலாளியின் கூலி, வசிப்பிடம், கடன் முதலியவற்றைப் பற்றி அவர்கள் அனுப்பிய அறிக்கைகள் இங்கே படிக்கப்பட்டன, கேள்விகளும் எழுந்தன. மலேயாவுக்கு 1938-இலும் இலங்கைக்கு 1939-இலும் கூலியாட்கள் செல்வதை இந்திய அரசாங்கம் தடுத்து நிறுத்தியதற்கு, அங்கே கூலி குறைந்ததும் ஆட்குறைப்பு நிகழ்ந்ததும் இங்கே கிளப்பிய கொந்தளிப்பு ஒரு காரணமாகும். ஆகவே, நம் நாட்டில் அயல்நாட்டு விவகாரத்தைச் சபை விசாரிக்கத் தொடங்கியது இராஜதந்திரத்தில் அன்று. தேயிலைக் காட்டில் என்று கூறினால் பெரும் பிழையாகாது.

அந்தப் பழைய சட்டசபைக்கு 1934-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுள் ஒருவர், திருப்பதிக்கு அடுத்த திருச்சானூரிற் பிறந்து சித்தூரில் வழக்கறிஞராயிருந்த மா. அனந்தசயனம் ஐயங்கார். சுதந்திரத்துக்குப் பின்னர் அவர் லோக சபையின் முதல் உதவிச் சபாநாயகராகவும், 1956 முதல் 1962 வரை சபாநாயகராகவும் விளங்கினார். 1952-இல் திருப்பதியும் 1957-இல் சித்தூரும் அவரைத் தேர்ந்தெடுத்தன. கேள்வி கேட்பதற்கே அனுமதி இல்லாதிருந்த ஒரு துறையைப் பற்றிக் கேள்விகளை அனுமதிக்கும் ஆசனத்தில், நம் சித்தூர்ச் சீமைக்காரர் ஒருவர் அமர்ந்தார்.

அவர் அந்த ஆசனத்தில் இருந்தபோது நிகழ்ந்த ஒன்றைக் குறிப்பிட வேண்டும். லடாக்கில் அக்சாய் சின் பகுதியின் ஊடே சீனர் ஒரு சாலை அமைத்திருந்தனர். 1958 அக்டோபரிலேயே நம் அரசாங்கம் அதைக் குறித்துச் சீனாவுக்கு எதிர்ப்புக் கடிதம் அனுப்பியது. ஆனால் சபைக்கு ஒன்றும் தெரிவிக்கவில்லை. 1959 ஆகஸ்டு மாதத்தில், லாங்ஜூ எல்லைக் காவல் நிலையத்தில் துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு, அங்கத்தினர் கேள்விமேற் கேள்வி எழுப்பிய நிலையில்தான், நேரு அவர்கள் சாலையைப் பற்றிய செய்தியைச் சபையிற் கூறினார். செப்டம்பர் 7-ஆம் தேதி கடிதப் போக்குவரத்து முழுவதும் வெள்ளை அறிக்கையாகச் சபையின் மேஜைமீது வைக்கப்பட்டது. நாட்டின் எல்லையைப் பற்றி நாட்டின் சபை அறிந்துகொள்வதற்கு ஏறத்தாழ ஓராண்டு தாமதம்! முன்னதாகவே தெரிவித்திருந்தால் யாவும் வேறாக முடிந்திருக்கும் என்று நான் வாதிக்க வரவில்லை. ஆனால் தெரிவித்தபிறகு அதை மூடி மறைக்க எவராலும் இயலவில்லை.

இங்கே ஓர் உண்மையை ஒளியாது கூற வேண்டும். உடன்படிக்கை செய்துகொள்வதற்கு நம் அரசாங்கம் பாராளுமன்றத்தின் முன் அனுமதியைப் பெறவேண்டும் என்ற கட்டாயம் நம் அரசியல் சட்டத்தில் இல்லை. அமெரிக்காவில் செனட் சபை மூன்றில் இரண்டு பங்கு வாக்களித்தாலன்றி உடன்படிக்கை நிறைவேறாது. இங்கே மந்திரிசபை கையெழுத்திடலாம். சபைக்குப் பின்னர் அறிவிக்கலாம். நம் மண்ணை விட்டுக்கொடுப்பதானால் மட்டும் அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும் என்று, பேருபாரி விஷயத்தில் 1960-இல் சுப்ரீம் கோர்ட் கருத்துரைத்தது. கச்சத்தீவு விஷயத்தில் 1974-இல் அந்த முறை கையாளப்படவில்லை. அது என்றுமே நம் மண்ணென்று உறுதிப்பட்டதில்லை என்பது அரசாங்கத்தின் வாதம். ஒப்பந்தம் ஜூலை 23-ஆம் தேதி சபையின்முன் வைக்கப்பட்டபோது தமிழ்நாட்டு அங்கத்தினர் கடுமையாக ஆட்சேபித்தனர். ஆட்சேபத்தால் ஒப்பந்தம் மாறவில்லை.

இந்தக் குறை எத்தகைய விளைவைத் தரும் என்பதை, மண்ணைவிட மனிதர் விஷயத்தில் நாம் கண்டிருக்கிறோம். 1964 அக்டோபர் 30-ஆம் தேதி தில்லியில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். இலங்கைத் தோட்டங்களில் குடியுரிமையற்று நின்ற 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசுவது என்பது முடிவு. அந்த எஞ்சியோரையும் 1974-இல் இரு பிரதம மந்திரிகளும் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்தனர். எழுபத்தையாயிரம் இங்கே, எழுபத்தையாயிரம் அங்கே! தானியத்தை மரக்காலால் அளப்பதுபோல் மனிதரை அளந்தார்கள் என்று அந்நாளில் மலைநாட்டில் பேசிக்கொண்டதில் வியப்பென்ன?

அம்மக்களை எவரும் கேட்கவில்லை. கேட்பதற்கு அவர்களுக்கென்று ஒரு சபையும் இல்லை. 1947-இல் இலங்கையின் முதற் பாராளுமன்றத்துக்குத் தோட்டப் பகுதிகளிலிருந்து ஏழு அங்கத்தினர் சென்றிருந்தனர். மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதையடுத்து வாக்குரிமையும் போயிற்று. அங்கே வாக்கில்லை. இங்கே, அவர்கள் இன்னும் இந்தியராகவே ஆகவில்லை. வாக்காளரில்லாத மக்களைப் பற்றிச் சபையில் பேசுவது அங்கத்தினரின் தயவைப் பொறுத்ததாகிவிட்டது. பேசியவர்கள் இல்லாமலில்லை. ஆயினும் கையெழுத்தான காகிதத்தைப் பற்றித்தான் பேச முடிந்தது.

அதன்பின் அந்த வேலை முழுவதும் தூதர் அலுவலகத்தின் தலையில் விழுந்தது. கண்டியில் ஏஜெண்டு இருந்த நாள்முதல் அவ்வூர் இந்தியத் தொழிலாளிக்குத் தெரிந்த இடம். உதவி ஹைகமிஷனின் வாயிலில் விண்ணப்பத் தாளுடன் மக்கள் நின்றனர். பிறந்த தேதியை அறியாதவர், தந்தையின் ஊரை ‘திருச்சிப் பக்கம்’ என்றே அறிந்தவர், பெயரை ஒரு தோட்டத்தில் ஒருவிதமாகவும் மற்றொரு தோட்டத்தில் வேறுவிதமாகவும் பதிந்தவர் என்று எத்தனையோ வகையினர். இந்தியக் குடியுரிமை வேண்டுமென்று விண்ணப்பித்தவர், ஒப்பந்தம் குறித்த எண்ணை எட்டவே இல்லை. காகிதத்தில் எழுதிய தொகையும் மனிதரின் விருப்பமும் வேறுவேறாயின.

வந்தவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமிற்குச் சென்றனர். அங்கிருந்து நீலகிரிக்கும் பிற இடங்களுக்கும் பிரிந்தனர். கர்நாடகத்தில் சுள்ளியாப் பகுதியின் ரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்றவர் உண்டு. ஆந்திரத்திலும் கேரளத்திலும் குடியேற்றப்பட்டவர் உண்டு. அயல் இராஜ்யங்களில் வாழும் தமிழருள் இவர்களும் சேர்ந்தவர்களே. இப்பேச்சைக் கேட்பவருள் அவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கக்கூடும். 1984-இல் கலவரத்தால் கப்பல் நின்றபோது, இந்தியப் பாஸ்போர்ட் கையில் இருக்கப் புறப்பட இயலாது தோட்டத்திலேயே தங்கிவிட்டவர் பலர். 2003-ஆம் ஆண்டில் இலங்கைப் பாராளுமன்றம் இயற்றிய ஒரு சட்டத்தினால்தான் அவர்கள் இலங்கைப் பிரஜைகளாயினர். ஒப்பந்தத்தில் குறித்த காலம் பதினைந்து ஆண்டு. முடிவதற்கு முப்பத்தொன்பது ஆண்டாயிற்று.

உடன்படிக்கையை முன்கூட்டித் தடுக்க அதிகாரமில்லாத சபைக்கு வேறென்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். முக்கியமாக இரண்டு: பணமும் கேள்வியும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகவே கூறுவேன். தூதர் அலுவலகம் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் சபை அளித்தது. அதைத் தணிக்கை அதிகாரி பார்க்கிறார். பொதுக் கணக்குக் குழு கேட்கிறது. 1948-இல் லண்டனிலிருந்த நம் ஹைகமிஷன் இராணுவத்துக்கு ஜீப் வாங்கச் செய்த ஒப்பந்தத்தைப் பொதுக் கணக்குக் குழு வன்மையாகக் கண்டித்தது. சர்க்காரோ 1955 செப்டம்பரில் விஷயம் முடிந்துவிட்டதென்று அறிவித்தது. அந்த ஒப்பந்தத்தின்போது ஹைகமிஷனராயிருந்த கிருஷ்ண மேனன் 1956-இல் மந்திரியானார். எனவே குழுவின் கண்டனம் எல்லாவற்றையும் சாதித்துவிடும் என்று நான் கூறமாட்டேன். ஆனால் இன்றைக்கும் ஜீப் விவகாரம் என்றால் ஊரறியும்; அந்தக் குழு எழுதியிராவிட்டால் அது கோப்புக்குள்ளேயே மடிந்திருக்கும்.

கேள்வியின் வலிமை வேறு விதமானது. லோக சபையில் ஒரு நாளைக்கு நட்சத்திரமிட்ட கேள்விகள் இருபதும், நட்சத்திரமில்லாத கேள்விகள் 230-உம் பட்டியலில் ஏறும். பின்னவற்றுக்கு எழுத்தில் பதில் வரும், அதோடு சரி. முன்னவற்றுக்கு மந்திரி எழுந்து நின்று வாயால் பதிலளிக்க வேண்டும். அதன்மேல் உபகேள்வி எழும். காரியாலயத்தார் தயாரித்துக் கொடுத்த காகிதத்தை மந்திரி படித்துவிடலாம். உபகேள்விக்குக் காகிதம் கிடையாது. துறையை அறிந்த மந்திரிக்கும் அறியாத மந்திரிக்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரு நிமிஷத்தில் வெளிப்படும். நட்பு நாட்டை அவமதிக்கும் விதத்தில் கேள்வி அமையலாகாது என்று விதி உண்டு. பொது நலனை முன்னிட்டுக் கூற இயலாது என்று மந்திரி மறுப்பதும் உண்டு. ஆனால் சம்பளம் கிடைக்காத தொழிலாளியைப் பற்றிய கேள்விக்கு இராஜதந்திர இரகசியம் என்று பதில் சொல்ல எந்த மந்திரிக்கும் நா எழாது.

“தகவல் திரட்டப்பட்டு வருகிறது” என்று மந்திரி கூறினால் அதோடு தீர்ந்தது என்று நினைப்போம். அவ்வாறன்று. அது ஒரு வாக்குறுதியாகப் பதிவாகிறது. அரசாங்க வாக்குறுதிக் குழு என்று 1953 முதல் லோக சபையில் ஒரு குழு இருந்து வருகிறது. மூன்று மாதத்தில் நிறைவேறாத வாக்குறுதியை அது துரத்துகிறது. பத்திரிகைகள் அந்தக் குழுவைப் பற்றி அதிகம் எழுதுவதில்லை. எனக்கோ அதன்மீது தனி மதிப்பு உண்டு. 1993-இல் துறைவாரி நிலைக்குழுக்கள் தோன்றியபின் அயல்நாட்டு விவகாரத்துக்கும் ஒரு குழு அமைந்தது. இரு சபைகளையும் சேர்ந்த முப்பத்தொரு பேர் அதில் இருப்பர். அதிகாரிகளை அழைத்துக் கேட்பர், அறிக்கை தருவர்.

2020 செப்டம்பரில், தொற்று நோயைக் காரணமாகக் காட்டிக் கேள்வி நேரம் நிறுத்தப்பட்டது. எழுத்துமூலப் பதில்கள் மட்டும் வந்தன. வளைகுடாவிலிருந்து இலட்சக்கணக்கானோர் விமானத்தில் திரும்பி வந்துகொண்டிருந்த காலம் அது. வேலை இழந்தவர், சம்பளப் பாக்கியை விட்டு வந்தவர், டிக்கெட் பணத்துக்குக் கடன் வாங்கியவர் எல்லோரைப் பற்றியும் எழுத்தில் பதில் கிடைத்தது. உபகேள்வி ஒன்றும் எழவில்லை.

கேள்வியின் வலிமைக்கும் அதன் வேதனைக்கும் சேர்த்து ஓர் உதாரணம் உண்டு. 2014 ஜூன் மாதத்தில் இராக்கின் மோசூல் நகரில் கட்டட வேலை செய்துகொண்டிருந்த நாற்பது இந்தியரைப் பயங்கரவாதிகள் பிடித்துச் சென்றனர். பெரும்பாலோர் பஞ்சாபியர். ஒருவர் மட்டும் தப்பி வந்து, மற்றவர் யாவரும் கொல்லப்பட்டனர் என்றார். அரசாங்கம் அதை ஏற்கவில்லை. சபையில் மீண்டும் மீண்டும் கேள்வி எழுந்தது. ஆதாரமின்றி ஒருவரை இறந்தார் என்று அறிவிப்பது பாபம் என்று அயல்நாட்டு மந்திரி சுஷ்மா சுவராஜ் 2017 ஜூலையில் லோக சபையில் கூறினார். பாதூஷ் என்னும் இடத்தில் ஒரு மேட்டைத் தோண்டி எடுத்த உடல்களை மரபணுச் சோதனை செய்தபிறகு, 2018 மார்ச் 20-ஆம் தேதி, முப்பத்தொன்பது பேரும் மாண்டனர் என்று அவர் ராஜ்ய சபையில் அறிவித்தார். லோக சபையில் கூச்சல் காரணமாக அவரால் பேசவே முடியவில்லை.

குடும்பத்தார் அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் கண்டு அறிந்தனர். எங்களுக்கு முதலில் சொல்லியிருக்கலாகாதா என்று கதறினர். சபைக்கு முதலில் தெரிவிப்பது தம் கடமை என்றார் மந்திரி. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எனக்கு அதில் திருப்தியில்லை. சபை கூடியிருக்கும்போது முக்கியச் செய்தியைச் சபைக்கு முதலில் கூற வேண்டும் என்பது நல்ல மரபு. அது மந்திரி சபையைப் புறக்கணிக்காதிருக்க ஏற்பட்டது. நான்கு ஆண்டு காத்திருந்த ஒரு தாய்க்கு ஒரு மணி நேரம் முன்னதாக ஓர் அதிகாரி நேரிற் சென்று கூறியிருந்தால், எந்தச் சபையும் தன் உரிமை பறிபோயிற்று என்று கருதியிராது. இதையும் சபைதான் விதியாக்க வேண்டும். அந்த மரபைத் திருத்த வேறு எவருக்கும் உரிமையில்லை.

அயல்நாட்டில் கைதானவனுக்குத் தன் நாட்டுக் கான்சலுக்குச் செய்தி அனுப்ப உரிமை உண்டென்று 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36-ஆம் பிரிவு கூறுகிறது. குல்பூஷண் ஜாதவ் வழக்கில் பாகிஸ்தான் அந்தப் பிரிவை மீறியதென்று 2019 ஜூலை 17-இல் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செய்தி வந்தபின் கான்சல் சென்று பார்த்தாரா என்பதை மட்டும் எந்தச் சர்வதேச நீதிமன்றமும் நமக்காகக் கேட்காது. அதை நம் சபையில்தான் கேட்க வேண்டும். அங்கே கேட்பவர் நம் மொழி பேசுபவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சித்தூர்த் தமிழரின் பிரதிநிதி தெலுங்கராயிருக்கலாம். தாராவித் தமிழரின் பிரதிநிதி மராத்தியராயிருக்கலாம். நீங்கள் எங்கே வாக்களிக்கிறீர்களோ அங்கேயுள்ள அங்கத்தினர் உங்கள் அங்கத்தினர். ஊரில் இருக்கும் தமிழ் அங்கத்தினருக்கு எழுதிவிட்டுப் பதிலின்றிக் காத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு அவருடைய தொகுதியின் பாரமே மிகுதி.

எழுதும்போது பாஸ்போர்ட் எண், வேலை கொடுத்தவரின் பெயர், சென்ற தேதி, அனுப்பிய தரகரின் விவரம் ஆகியவற்றைத் தவறாமல் எழுதுங்கள். புலம்பலை ஒரு வரியில் நிறுத்திக்கொள்ளுங்கள். பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். 2015 முதல் அயல்நாட்டு அமைச்சின் ‘மதத்’ என்னும் மின்வலை முறையீட்டு ஏற்பாடும் இருக்கிறது. அதில் பதிந்து கிடைக்கும் எண்ணையும் கடிதத்திற் குறித்தால், அங்கத்தினருக்குக் கேட்பது எளிது.

அந்த அம்மையாருக்காக நான் எழுதிய கடிதமும் அவ்வாறே அமைந்தது. அவருடைய தொகுதி அங்கத்தினருக்கு, தெலுங்கில் ஒருவரைக் கொண்டு எழுதுவித்தோம். ஏழு வாரம் கழித்து, அமைச்சிலிருந்து அங்கத்தினருக்கு வந்த பதிலின் நகல் தபாலில் வந்தது. தூதர் அலுவலகத்துத் தொழிலாளர் பகுதி முதலாளியை அழைத்திருப்பதாக ஆங்கிலத்தில் நான்கு வரி. அதை நான் தமிழில் படித்துச் சொன்னேன். மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னார். மகன் அவ்வாண்டு ஐப்பசியில் திரும்பினான். ஐந்து மாதச் சம்பளத்தில் இரண்டு மாதத்தது மட்டுமே கிடைத்தது. எஞ்சிய மூன்று மாதத்துக்காக அம்மையார் மறுபடியும் என் திண்ணைக்கு வந்தார். இரண்டாவது கடிதம் போயிருக்கிறது.